"மனசாரக் கேட்டியா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு தாய் மகளைக் கூட்டி வந்தார். தரம் 5 பிள்ளை. நித்திரை இல்லை, காலையில் தலையிடி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சைப் பயமாக இருக்கும் என்பது வீட்டாரின் கணக்கு. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு கதைத்தேன். பரீட்சையைப் பற்றி அவளுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கனநேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "அன்ரி, அண்டைக்கு அந்த ஜெபத்தை நான் மனசாரச் சொல்லேல்லை எண்டால், நரகத்துக்கோ போவன்?"

விடுமுறை வேதாகமப் பாடசாலையின் கடைசி நாளில் பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, ஆசிரியை சொல்லச்சொல்லத் திருப்பிச் சொன்ன பாவமன்னிப்பு ஜெபம் அது. முடிந்ததும், "இப்ப உள்ளுக்குள்ள ஒரு சமாதானம் வந்திருக்கும், வந்தவை கையை உயர்த்துங்கோ" என்றாராம். இவளுக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உயர்த்தியதால் இவளும் உயர்த்தினாள். இரவு படுத்தபோது, ஆண்டவருக்கு முன் பொய் சொல்லிவிட்டேனே என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அன்றுமுதல் தினமும் போர்வைக்குள் அதே ஜெபம். ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து. கொட்டாவி வந்தால் முதலிலிருந்து.

பிள்ளையை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதை வாசிக்கிற ஞாயிறு பாடசாலை ஆசிரியர் யாருக்காவது "இது எங்கட பிள்ளையோ" என்று தோன்றினால், இருக்கலாம். இப்படி வருகிற பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை. இன்ன சபை என்றும் பிரிக்க முடியாது.

நான் உளவளத்துணை செய்கிறவள், சபைக்குப் போகிறவளும்கூட. சிறுவயதில் விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேதாகமத்தில் வருகிற இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அது பாட்டியிடமும் தாயிடமும் இருந்து வந்தது என்று பவுலே எழுதுகிறார். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: உண்மையாய் மனந்திரும்பினால் உள்ளே சமாதானம் வரும், வராவிட்டால் நீ மனசாரக் கேட்கவில்லை என்கிற அந்தப் போதனை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சமாதானமாய் உணர்வது பெரும்பாலும் பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது. சில பிள்ளைகள் பிறப்பிலேயே பயந்த சுபாவம். கதவைப் பூட்டியாச்சா என்று இரண்டுதரம் பார்ப்பார்கள், கொப்பியில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பக்கத்தையே கிழிப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் உனக்குள்ளே தேடிப் பார், சமாதானம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன கிடைக்கும்? பயம்தான் கிடைக்கும். அந்தப் பயத்தை அவள் தேவனுடைய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறாள். திரும்ப ஜெபிக்கிறாள். ஐந்து நிமிடம் ஆறுதல். பிறகு, "இந்தமுறையாவது மனசாரச் சொன்னேனா?" ஒவ்வொரு ஜெபமும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. துடியாட்டமான பிள்ளை கையை உயர்த்திவிட்டு விளையாடப் போய்விடும். நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் கேட்ட பிள்ளைதான் என்னிடம் வருகிறது.

இதே போதனையின் இன்னொரு முகம், "நீ எந்தத் திகதியில் இரட்சிக்கப்பட்டாய்?" விசுவாச வீட்டில் பிறந்து, தவழும்போதே பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை எந்தத் திகதியைச் சொல்லும்? இந்த இடத்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைச் சொல்வார்கள். 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால்மணி முன்னர் அவருடைய இருதயம் அனலாயிற்று, உண்மை. ஆனால் 1739 ஜனவரியில் அதே வெஸ்லி, தான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதியதை ஏன் சொல்வதில்லை? திகதியும் நேரமும் தெரிந்தவருக்கே எட்டு மாதத்துக்குள் இந்த நிலை. 1646இல் இங்கிலாந்தில் சீர்திருத்த சபையார் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், மெய்யான விசுவாசி தான் இரட்சிக்கப்பட்டேன் என்ற நிச்சயத்துக்காக நெடுங்காலம் காத்திருக்கவும் போராடவும் நேரிடலாம் என்கிறது. இது புதிதாய் வந்த உளவியல் கதை இல்லை.

அந்த நிச்சயம் பிள்ளையின் பிடியில் இல்லை. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று தம்முடைய ஆடுகளைப் பற்றி இயேசு சொன்னது யோவான் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிடித்திருப்பது அவருடைய கை. 1 யோவான் 3:20ஐயும் பாருங்கள். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர். இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

இயேசு திடீரென வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் விடப்படுவார்கள் என்று காட்டுகிற இரகசிய வருகைப் படங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பையன் ரியூசன் முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு. ஒருவரையும் காணவில்லை. அம்மம்மா பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறா. அவன் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், தான் மட்டும் விடப்பட்டேன் என்று முற்றத்தில் நின்று குழறியிருக்கிறான். அதற்குப் பிறகு தாய் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்கிறான். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தில் நடந்த பெரிய இடப்பெயர்வில் தாய் தகப்பனைத் தவறவிட்டுத் தேடித் திரிந்த பிள்ளைகள்தான் இன்றைய பெற்றோர். விடப்பட்டுப் போவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டா பிள்ளையைப் பயமுறுத்துவது?

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நற்கருணைக் காலத்தில் வருவார்கள். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், திரும்பப் போகவேண்டும் என்பார்கள். பெயர்தான் வேறு, சுழல் ஒன்றே.

சரி, என்ன செய்வது? பிள்ளை இரவில் "நான் இரட்சிக்கப்பட்டேனா?" என்று கேட்டால் ஒருதரம் ஆறுதலாய்ப் பதில் சொல்லுங்கள். அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், "இதற்குப் பதில் சொல்லிவிட்டேன், இப்போது பயம்தான் கேட்கிறது, படுப்போம்" என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள். ஒவ்வொருதரமும் கூட உட்கார்ந்து ஜெபித்துக் கொடுப்பது அன்பாகத்தான் தெரியும், ஆனால் அது பயத்தை வளர்க்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவனுடைய மகனைச் சுகமாக்கினார் என்று சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர்களே, கை உயர்த்தச் சொல்வதை விடுங்கள்.

ஜெபமும் அதைப் பற்றிய யோசனையும் நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது, நித்திரையும் படிப்பும் கெடுகிறது, பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிற சொற்கள் தானாக மனசில் வருகிறது என்று பிள்ளை அழுகிறது என்றால், அது OCD எனப்படும் எண்ண சுழற்சி நோயாக இருக்கலாம். நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு வருகிற நோய் இது, பத்து வயதை அண்டித் தொடங்குவது வழக்கம். பிசாசு என்று சொல்லிக் கட்டாய உபவாசம் வைக்காதீர்கள். பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதற்கு மன்னிப்பில்லை என்று மாற்கு 3இல் இயேசு எச்சரித்தது, அவர் அசுத்த ஆவி கொண்டிருக்கிறார் என்று அறிந்தே பழித்தவர்களை. அப்படியொரு எண்ணம் வந்துவிட்டதே என்று நடுங்குகிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் இல்லை.

நடத்தை சார்ந்த உளச்சிகிச்சைக்கு இது நன்றாகக் கட்டுப்படும். சில பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். போதகரிடம் போகவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைக்கு ஒரே பதிலைச் சொல்லவேண்டும்.