உண்டியலை உடைத்தது யார்?

“மிஸ், இவனுக்குக் கொஞ்சமும் பொறுமை இல்ல. நினைச்சது உடனே வேணும். நீங்கதான் சொல்லிக் கேக்க வைக்கணும்.”

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்திருந்த தாய். அருகில் உயர்தரம் படிக்கும் மகன், காலை ஆட்டிக்கொண்டு. டியூசன் காசில் டேட்டா போடுகிறான், இரவு ஒரு மணிவரை ரீல்ஸ் பார்க்கிறான், பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது படிப்பை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகப்போகிறேன் என்கிறான். உளவளத்துணை வேலையில் இந்த மூன்று முறைப்பாட்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

தாயை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, “கடைசியா எதுக்குக் காசு சேர்த்தாய்?” என்று அவனிடம் கேட்டேன். கால் ஆடுவது நின்றது. தரம் 8 படிக்கும்போது ஒரு மண் உண்டியல் வைத்திருந்தானாம், சைக்கிள் வாங்க. வருஷப்பிறப்புக் கைவிசேடம் முதல் பெரியப்பா தந்த நோட்டு வரை எல்லாம் அதற்குள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் குசினி மூலையில் உண்டியல் ஓடு ஓடாகக் கிடந்தது. வாரக் கடன்காரர் வந்திருக்கிறார், தவணைக்குக் காசில்லை.

“திருப்பித் தாறம் எண்டு சொன்னாங்க மிஸ். 3,460 ரூபா. இன்னும் தரல்ல.”

ஐந்து வருடம் கழித்தும் கடைசிப் பத்து ரூபா வரை கணக்கு மறக்கவில்லை. இந்தப் பிள்ளையைப் பொறுமையில்லாதவன் என்று எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர் கூட்டங்களில் மார்ஷ்மெலோ பரிசோதனையைப் பற்றி யாராவது பேசக் கேட்டிருப்பீர்கள். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. சின்னப் பிள்ளையின் முன்னால் ஓர் இனிப்பை வைத்து, இப்போதே வேண்டுமென்றால் இந்த ஒன்று, நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுத்த பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பிலும் நன்றாக வந்தார்கள் என்பது பிறகு வந்த செய்தி. மேடையில் கதை இதோடு முடியும். பிள்ளைகளுக்கு ஓர் அதட்டல், வீட்டுக்குப் போகலாம்.

மிச்சக் கதைதான் நம் ஊருக்கு வேண்டியது. 2013இல் செலெஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். இனிப்பை வைப்பதற்கு முன்னால், படம் கீற நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து, மன்னிக்க வேண்டும், இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் இனிப்பு. வாக்கு நிறைவேறியதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். அதே வயதுப் பிள்ளைகள், அதே இனிப்பு. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், குடும்ப வருமானம், தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

இதை மட்டக்களப்பில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. யுத்தத்தில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம், எத்தனை தரம் விட்டுவிட்டு வந்தோம். 2004 டிசம்பர் 26 காலையில் கரையோரத்தில் கட்டி முடித்த வீடும் போனது, கட்டச் சேர்த்த காசும் போனது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வெள்ளாமைக் கணக்கெல்லாம் தலைகீழானது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வங்கியில் போட்டுவிட்டுப் பொறுத்திருந்தவர் நட்டப்பட்டார், முந்திக்கொண்டு குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர் கெட்டிக்காரரானார். இப்படி ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த சனத்திடம், ‘உங்களுக்கு எதிர்காலத் திட்டமில்லை’ என்று வகுப்பெடுக்கும் அதிகாரிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு காலத்தில் நானும் எடுத்திருக்கிறேன், அது வேறு விடயம்.

வட்டையிலேயே ஈரநெல்லை விற்கிறவரைப் பாருங்கள். காயவைத்துக் கொஞ்சநாள் வைத்திருந்தால் கூடின விலை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? வெட்டுக்கூலி, உரக்கடைப் பாக்கி, ஈட்டில் கிடக்கும் மனைவியின் சங்கிலி எல்லாம் அன்றைக்கே வந்து வரம்பில் நிற்கின்றன. அவருக்குத் தேவை காயவைக்க இடமும் கடன் கேட்காத ஒரு மாதமும். அறிவுரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்காக எல்லாவற்றையும் காலத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. வசதியிருந்தும் வழுக்குகிறோம். அடுத்த வெள்ளாமைக் காசை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், எல்லாரும் ஞானிகள். சேமிப்பு, மகளின் படிப்பு, வளவுக்கு மதில். நெல் விற்ற காசு கைக்கு வந்த அன்று பார்த்தால் லீசிங்கில் மோட்டார் சைக்கிள். தூரத்தில் நிற்கும்போது சரியாகத் தெரிவது, கிட்ட வந்ததும் மங்கிவிடுகிறது. மூளையின் நிதானப் பகுதி முற்றுவதே இருபதுகளின் நடுவில்தான் என்பதால் இளசுகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஆனால் முற்றியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. (டோபமைன் என்பது ஆசையைத் தூண்டுவதில் பங்குள்ள ஒரு மூளை இரசாயனம். அதைக் குறைக்கிறோம் என்று போன் போன்றவற்றைச் சில நாள் விட்டிருக்கும் ‘டோபமைன் விரதம்’ பற்றியும் கேட்கிறார்கள். டோபமைன் தண்ணீர்த் தாங்கி இல்லை, திறந்து விட்டுக் கழுவ.)

ஆகவே, தூரத்தில் நிற்கும்போதே கையைக் கட்டிக்கொள்வதுதான் உதவுகிறது. மேற்குக் கென்யாவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. அறுவடை முடிந்து கையில் காசிருக்கும் நேரத்திலேயே, அடுத்த போகத்துக்கான உரத்துக்கு இப்போதே காசு கட்டினால் வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்று விவசாயிகளிடம் சொன்னார்கள். விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. பிந்தி, உரம் போடும் காலத்தில் விலையைப் பாதியாகக் குறைத்தால் என்ன பலனோ, அதற்கு ஈடாக உரம் வாங்கினார்கள்.

நம் பெண்கள் சீட்டில் செய்வதும் இதே வேலைதான். பத்துப் பேர், மாதம் 5,000, முறைக்கு ஒருவருக்கு 50,000. வட்டி ஒரு சதம் இல்லை. வங்கி மனேஜருக்கு இது மடைத்தனமாகத் தெரியலாம். என்னிடம் வரும் ஓர் அக்கா சொன்னார்: “வங்கிக் காசு எண்டா கார்டு இருக்கு மிஸ், போய் எடுத்திருவன். சீட்டுக் காசு கட்டல்ல எண்டா நாளைக்குக் கிணத்தடிக்குப் போகேலாது.” அந்தக் கிணற்றடிதான் அவருடைய பூட்டு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: சீட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களால் என் அறைக்கு வந்து அழுதவர்களும் உண்டு. பிடிக்கிற ஆளை நன்றாகத் தெரியாவிட்டால் சேர வேண்டாம்.

போன் விடயத்திலும் மன உறுதியை நான் நம்புவதில்லை, என்னுடையதைக்கூட. மிஷெலின் அறையிலும் இனிப்பை மூடி வைத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுத்தார்கள். பொறுத்தவர்களில் பலர் கண்ணைப் பொத்தினார்கள், பாட்டுப் பாடினார்கள். அந்தப் பையனிடம் போனைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு அம்மாவின் அலுமாரிக்குள் போகட்டும், காலையில் எடு என்றேன். நேரத்தை அவனே பத்தரையாக்கினான். சரி என்றேன்.

பிறகு தாயை உள்ளே கூப்பிட்டேன். உண்டியல் பேச்சு வந்ததும், “அது அப்பவே முடிஞ்ச கதைதானே மிஸ்” என்றார். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “எவ்வளவு மகன்?” என்று கேட்டார். சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தோறும் 500 தருவதாகவும், ஒரு கொப்பியில் எழுதுவதாகவும் முடிவானது. முடியாத வாரம் வந்தால் சனிக்கிழமையே சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கொப்பியோடு வந்தான். கட்டார் கதை இன்னும் முடியவில்லை, போன் இரண்டு இரவு அலுமாரிக்குள் போகவில்லையாம். கொப்பியைத் திறந்து காட்டினான். 500, 500, 300, 500.

“மூண்டாம் கிழமை ஏன் 300?”

“அம்மாக்குக் காசு வரல்ல மிஸ்” என்றான். “ஆனா சனிக்கிழமையே சொல்லிட்டாங்க.”