ஸ்டாக் ரிஜிஸ்டர் சொல்லாத பாட்டிலின் வயது

கல்லூரி வேதியியல் ஆய்வகங்களுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால் நான் முதலில் கேட்பது வேதிப்பொருள் இருப்பை எழுதும் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான். பெரும்பாலும் நன்றாகவே வைத்திருப்பார்கள். எந்தப் பில், எத்தனை பாட்டில், செலவானது எவ்வளவு, மீதி எவ்வளவு, கீழே துறைத்தலைவர் கையெழுத்து. ஆனால் அந்தப் பாட்டிலை எப்போது திறந்தார்கள், இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூட இருக்காது. பணத்துக்குக் கணக்கு வைக்க உண்டான நோட்டு அது, வருடாந்திர ஸ்டாக் வெரிஃபிகேஷனும் அதை வைத்தே நடக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் டிக் அடித்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடுகிறோம்.

பி.எஸ்சி. ஆர்கானிக் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு 2,4-டிஎன்பி (2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசின்) என்ற சோதனைக் கரைசல் நன்றாகத் தெரியும். ஆல்டிஹைடோ கீட்டோனோ இருந்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வீழ்படிவு விழும், குறித்துக்கொண்டு அடுத்த டெஸ்டுக்குப் போவோம். அந்தக் கரைசலைத் தயாரிக்கும் தூள் முழுக்கக் காய்ந்துவிட்டால் அது வெடிபொருள் என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். அதனால்தான் கம்பெனிகள் தண்ணீர் கலந்து ஈரமாகவே அனுப்புகின்றன. ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் செலவாகும் என்பதால் 100 கிராம் பாட்டில் வருடக்கணக்கில் நிற்கும், நிற்கிற காலமெல்லாம் அதிலுள்ள ஈரம் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் ஜன்னல் சாத்திக் கிடக்கும் ஸ்டோர் ரூமில் கேட்கவே வேண்டாம். 2016 இறுதியில் பிரிட்டனில் இதைப் பற்றி எச்சரிக்கை போன பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் போக வேண்டியிருந்தது. பல இடங்களில் பாட்டிலை வெளியே எடுத்துப் போய் வெடிக்க வைத்தே அழித்தார்கள்.

நம் ரிஜிஸ்டரில் அதே பாட்டில் "மீதி 60 கிராம்" என்று அமைதியாக இருக்கும். அந்த 60 கிராமில் தண்ணீர் எவ்வளவு என்று யார் பார்த்தது?

பார்ப்பது கஷ்டமில்லை. புதுப் பாட்டில் வந்த அன்றே மூடியோடு எடை போட்டு லேபிளில் எழுதுங்கள். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் மறுபடி எடை போட்டு எழுதுங்கள். யாருமே தொடாத இடைவெளியில் எடை குறைந்திருந்தால் குறைந்தது தண்ணீர்தான். காய்ந்தால் வெடிக்கக்கூடிய பிக்ரிக் அமிலத்துக்கும் இதே முறைதான், அதற்கு உலோக மூடியும் ஆகாது. ஆனால் பழைய பாட்டில், எப்போது வாங்கியது என்றே தெரியாது, தூள் உலர்ந்து தெரிகிறது என்றால் எடை போடும் வேலையே வேண்டாம். மூடியின் மரையில் ஒட்டியிருக்கும் தூளுக்கு அதைத் திருகும் உராய்வே போதும். தொடாமல் அறையைப் பூட்டிவிட்டு முதல்வரிடம் சொல்லுங்கள், அங்கிருந்து தீயணைப்புத் துறைக்கும் காவல்துறைக்கும் தகவல் போகட்டும்.

டைஎத்தில் ஈதர், டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), டையாக்சேன் போன்ற கரைப்பான்களின் கதை வேறு. காற்று பட்டால் உள்ளே வெடிக்கக்கூடிய பெராக்சைடு மெல்ல மெல்லச் சேரும். திறந்த தேதி எழுதாத ஈதர் பாட்டிலை நான் பழையது என்றே எடுத்துக்கொள்வேன். மூடி ஓரத்தில் வெள்ளையாகப் படிகம் தெரிந்தால் அதையும் தொடக்கூடாது. ஈதரை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் வேறு இருக்கிறது, அந்த ஃபிரிட்ஜின் உள்ளே தெர்மோஸ்டாட்டில் வரும் சின்னப் பொறி ஈதர் ஆவிக்குப் போதும்.

அகரவரிசையில் அடுக்குவதும் பார்க்க அழகுதான். ஆனால் எஸ் வரிசையில் சோடியம் சல்பைடும் சல்பூரிக் அமிலமும் ஒரே தட்டில் வந்து நிற்கும், இரண்டும் கசிந்து சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு வரும். சரி, அமிலங்களைத் தனியாக வைக்கிறோம் என்று நைட்ரிக் அமிலத்தையும் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தையும் ஒன்றாக வைப்பார்கள். முன்னது தீயைத் தூண்டிவிடும் ஆக்சிஜனேற்றி, பின்னது சுமார் 39 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடுவது. வேலூரில் மே மாதம் 39 டிகிரி என்பது சாதாரண நாள்.

இவ்வளவும் படித்தவர்கள் இருக்கும் இடத்தில் ஏன் இப்படி? லேப் அசிஸ்டென்ட்டுகளிடம் கேட்டால் விஷயம் வந்துவிடும். "ரைட் ஆஃப் போட்டா, அதாவது கணக்குல இருந்து கழிச்சா, ஆடிட்ல கேள்வி வரும் சார், அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டோம்." மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்று தேவைக்கு மேல் வாங்குகிறோம், அப்புறம் கணக்குக்குப் பயந்து அதைக் காலத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்த அம்மோனியம் நைட்ரேட் கணக்கில் 2,750 டன், அது அங்கே பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை மணலியில் 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன்னை ஹைதராபாத்துக்கு அவசரமாக அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் சரக்கு கணக்கில் இருக்கத்தான் செய்தது.

அதனால் ரைட் ஆஃப் பொறுப்பை லேப் அசிஸ்டென்ட் தலையில் கட்டாதீர்கள். முதல்வர், துறைத்தலைவர், வேறு துறை ஆசிரியர் ஒருவர் சேர்ந்து வருடத்தில் இரண்டு முறை அலமாரி முன்னால் நின்று பார்க்கட்டும், கழிக்க வேண்டியதைக் காரணத்தோடு தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாள் இருந்தால் ஆடிட்டருக்குப் பதில் இருக்கிறது. கழித்தவை சிங்க்குக்குப் போகக்கூடாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனம் மூலம்தான் போக வேண்டும், அப்படியொரு மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தீர்மானம் எழுதும் அதே கூட்டத்திலேயே அடுத்த வருடம் வாங்க வேண்டியவற்றின் பட்டியலான இண்டென்ட்டையும் எடுத்து, 100 கிராம் என்று இருக்கும் 2,4-டிஎன்பியை 25 கிராம் என்று திருத்திவிடுங்கள்.