தோட்டா வாங்கும் முன் பேரலின் முறுக்கைப் பாருங்கள்

டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் நம் ஊர்ப் பெற்றோர் பலர் கேட்பது இது: "சார், காத்து இப்படி அடிக்குதே, கொஞ்சம் வெயிட்டான குண்டா வாங்கிக் கொடுத்தா என்ன?" மே, ஜூனில் லூ என்ற வெப்பக்காற்று வீசும்போது 50 மீட்டர் லேனில் படுத்துச் சுட்ட யாருக்கும் இந்த எண்ணம் வரும். கனமான குண்டு காற்றில் குறைவாக ஒதுங்கும் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் ரைஃபிள்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு. உங்கள் பேரல் அந்தக் குண்டைப் போதுமான அளவு சுழற்றுமா?

பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழாய்க்குள், சுருளாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. அவை எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதுதான் முறுக்கு. 1:16 என்றால், குண்டு 16 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். 1:8 என்றால் எட்டே அங்குலத்தில் ஒரு சுற்று. நம் பிள்ளைகள் சுடும் .22 எல்ஆர் என்ற சிறு தோட்டா ரைஃபிள்களில் பெரும்பாலும் 1:16 தான். குண்டு நொடிக்கு 1,070 அடி வேகத்தில் வெளியே வந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 48,000 சுற்று என்ற கணக்கில் சுழலும்.

இந்தச் சுழற்சி எதற்கு? எதிர்க்காற்றின் விசை குண்டின் எடை மையத்தில் விழுவதில்லை, அதற்கு முன்னால் மூக்குப் பக்கமாக விழுகிறது. அதனால் குண்டைக் கவிழ்க்கப் பார்க்கிறது. பம்பரம் சுற்றும்வரை நிற்பதுபோல, சுழற்சிதான் குண்டைக் கவிழாமல் காக்கிறது. குண்டு நீளமாக நீளமாக, கவிழ்க்கும் விசைக்குப் பிடி அதிகம். ஆகவே பார்க்க வேண்டியது நீளம். விட்டம் மாறாமல் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால்தான் எல்லோரும் எடையை வைத்தே பேசிப் பழகிவிட்டார்கள். பெட்டியிலும் கிரெய்ன் என்ற எடைக் கணக்குத்தான் அச்சிட்டிருக்கும். ஆனால் செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தினுடையது 11.3. அதே எடையில் முழுச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். ஈயக் குண்டை ஒழுங்காகச் சுட்ட பேரல், அதே கிரெய்ன் செம்புக் குண்டைத் தடுமாற விடலாம்.

1879-இல் இங்கிலாந்தின் ஊலிச் ராணுவ அகாடமியில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் இதற்கு ஒரு எளிய கணக்குத் தந்தார். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் (அதுவும் அங்குலத்தில்) வகுக்க வேண்டும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை என்பதுதான் விடை. 40 கிரெய்ன் .22 குண்டின் நீளம் சுமார் 0.47 அங்குலம். விட்டம் 0.224. போட்டுப் பார்த்தால் விடை 16. அதே விட்டத்தில் 60 கிரெய்ன் குண்டு என்றால் நீளம் 0.7 அங்குலத்தை ஒட்டி வரும், விடையும் 11-க்குக் கீழே இறங்கிவிடும். 1:16 பேரல் அதற்குப் போதாது.

போன வாரம்கூட மயூர் விஹாரிலிருந்து ஒரு அப்பா மகளோடு வந்திருந்தார். பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது சுலபம். போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று இருவருக்கும் காட்டினேன். கைப்பிடி தனியாகச் சுழலும் க்ளீனிங் ராடில் இறுக்கமான துணியைக் கோத்து, ராடின் மேல்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மெதுவாகத் தள்ளச் சொன்னேன். கோடு பக்கவாட்டில் சரிந்து, கீழே போய் மறைந்து, மறுபக்கம் ஏறி மறுபடி மேலே வந்தது. அதுவரை ராடு நகர்ந்த தூரத்தை அந்தப் பெண்ணே டேப் வைத்து அளந்தாள். பதினாறுக்கு ஒரு நூல் கூட. துணி வழுக்கினால் அளவு தப்பாக வரும், அதனால் ஒருமுறை அளந்ததோடு விடாதீர்கள். அப்புறம் இழுப்பறையில் வைத்திருக்கும் பழைய டார்கெட் அட்டையை எடுத்துக் காட்டினேன். வட்டத் துளைகளுக்கு நடுவே, குண்டு பக்கவாட்டில் கிடந்தபடி கிழித்துப் போன நீளத் துளைகள். கீஹோல் என்போம். அப்படித் தடுமாறும் குண்டு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ரேஞ்சில் ஒரே ஒரு கீஹோல் விழுந்தாலும் சுடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

குளிரும் இதில் சேரும். அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-இன் ஆரம்பகாலப் பேரல் 1:14. ஆர்க்டிக் குளிரின் அடர்ந்த காற்றில் 55 கிரெய்ன் குண்டு நிலைகுலைந்ததால், 1960-களில் அதை 1:12 ஆக்கினார்கள். டெல்லியிலேயே ஜனவரிக் காலையின் 5 டிகிரிக் காற்று, ஜூன் மதியத்தின் 42 டிகிரிக் காற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அடர்த்தியானது. 40 கிரெய்ன் .22-க்கு இது பொருட்டே இல்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பேரல், குண்டு ஜோடிதான் குளிர்காலத்தில் காலை வாரும்.

முறுக்கு கொஞ்சம் அதிகமாக இருந்தால்? அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். சமச்சீர் இல்லாத குண்டில் க்ரூப், அதாவது அட்டையில் துளைகள் விழும் கூட்டம், சற்று விரியும், அவ்வளவுதான். குறைவாக இருப்பதுதான் ஆபத்து.

எனவே .22 சுடும் பிள்ளைக்கு 40 கிரெய்னிலேயே இருங்கள். கனமான குண்டுக்குச் செலவு செய்ய நினைக்கும் பணத்தை லாட் டெஸ்டிங்குக்குக் கொடுங்கள். லாட் என்பது ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி. ஒரே பிராண்ட், ஒரே எடை என்றாலும், லாட் எண் மாறினால் அதே பேரலில் க்ரூப் மாறும். பேரலை க்ளாம்ப்பில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, நன்றாக உட்காரும் லாட்டில் சீசனுக்கு வேண்டியதை, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குள், மொத்தமாக வாங்கி வையுங்கள்.