பள்ளியில் அடி, மிரட்டல், கேலி: ஐ.நா. உடன்படிக்கைப்படி மாணவர் என்ன கேட்கலாம்?

"சின்னப் பசங்க சண்டை, அவங்களே பேசித் தீர்த்துக்குவாங்க." புகாரோடு போகும் பெற்றோருக்குப் பல பள்ளிகளில் கிடைக்கும் பதில் இதுதான். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தப் பதிலுக்கு இடமே இல்லை.

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை ஏற்றது. ஏறக்குறைய எல்லா நாடுகளும் இதில் சேர்ந்துவிட்டன; அமெரிக்கா மட்டும் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது, இன்னும் உறுதிசெய்யவில்லை. பொதுவாக 18 வயது நிரம்பாத எல்லோரும் இதன் கணக்கில் குழந்தைகள்தான். மீசை அரும்பிய பையனும் அதில் அடக்கம்.

முக்கியமானது 19ஆம் பிரிவு. உடலை நோகடிப்பது, மனத்தை நோகடிப்பது இரண்டிலிருந்தும் குழந்தையைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்கிறது. குழந்தை யாருடைய பராமரிப்பில் இருந்தாலும் இது பொருந்தும். ஆகவே பள்ளியும் தப்ப முடியாது. இந்தப் பிரிவை விளக்கி, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2011இல் வெளியிட்ட 13ஆம் பொதுக் கருத்துரை, குழந்தைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதையும் வன்முறை என்றே சேர்க்கிறது. பட்டப்பெயர் வைத்து அழைப்பது, கூட்டாகச் சேர்ந்து ஒதுக்கிவைப்பது, போனில் மிரட்டுவது எல்லாம் இதற்குள் வரும். புகார் சொல்ல வழி, விசாரணை, சிகிச்சை, பிறகும் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பாடு வேண்டும் என்றும் அதே 19ஆம் பிரிவு கேட்கிறது. விசாரித்து ஒரு 'சாரி' சொல்லவைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் 'கண்காணிப்பு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட மாணவரின் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவது போதாது.

சரி, வம்பு செய்த மாணவரை எல்லோர் முன்னிலையிலும் நாலு அடி போடலாமா? கூடாது. பள்ளி ஒழுங்கு நடவடிக்கை குழந்தையின் மானத்தைக் காக்க வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு. வம்பு செய்தவரும் ஒரு குழந்தைதானே.

இந்த உடன்படிக்கை அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தலைமை ஆசிரியரை நேரடியாகத் தண்டிக்காது. அதனால் முதல் புகார் பள்ளியிடமும், அடுத்தது உள்நாட்டுச் சட்டப்படி உரிய அலுவலகத்திடமும் போக வேண்டும். எழுத்தில் கொடுங்கள், நாள், இடம், பார்த்தவர் யார் என்பதைக் குறியுங்கள். போனில் வந்த மிரட்டலை அழிக்காமல் வையுங்கள்.

அங்கெல்லாம் தீர்வு கிடைக்காவிட்டால் ஜெனீவாவிலுள்ள அதே குழந்தை உரிமைகள் குழுவுக்கு மாணவரே எழுதலாம். 2014இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறையில் (உடன்படிக்கையோடு சேர்ந்த, நாடுகள் விரும்பினால் ஏற்கும் தனி ஒப்பந்தம்) அவருடைய நாடு சேர்ந்திருந்தால்தான் அது செல்லும். பொதுவாக, உள்நாட்டு வழிகள் தீர்ந்த ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும்.