வானொலிக் கட்டுப்பாடா, வானலை இயக்கமா?

வேலூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் மைத்துனரும் எங்கள் மாதிரி ரயில் எஞ்சினைக் கொண்டுபோயிருந்தோம். மேசையில் அதற்கு முன்னால் ஓர் அட்டையை எழுதி வைத்திருந்தார்கள்: ‘மின்கலத்தால் இயங்கும் வானொலிக் கட்டுப்பாட்டு எஞ்சின்’. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையைப் படித்தான், குனிந்து எஞ்சினைப் பார்த்தான், “சார், இதில் எந்த ஸ்டேஷன் எடுக்கும்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. வானொலி என்ற சொல்லுக்கு அவன் வீட்டில் என்ன பொருளோ அதைத்தான் கேட்டான். தவறு அட்டையில் இருந்தது. ‘ரேடியோ கண்ட்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அதில் ‘வானொலிக் கட்டுப்பாடு’ என்று பெயர்த்திருந்தார்கள். ஆளில்லா விமானம் பற்றிய செய்திகளிலும் பொம்மைக் கார்களின் பெட்டிகளிலும் இதே சொல்லைப் பல முறை பார்த்துப் பொறுத்துக்கொண்டவன் நான். அன்றைக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் தண்டவாளம் போட்டு ஓட்டும் பெரிய மாதிரி எஞ்சின் இது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர், அளவு 1:22.5. மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 வரும். காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போன பழைய மீட்டர் கேஜ் வண்டியை அப்படியே சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. எங்கள் வட்டாரத்துக்கு வேறெந்த மாதிரி ரயிலும் இவ்வளவு பொருந்தாது.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டினால் இதற்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. வேலூர்ப் புழுதியிலும் மார்கழிப் பனியிலும் பித்தளைத் தண்டவாளம் இரண்டே நாளில் கறுத்துப்போகும். எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். அதனால் சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பிகளை வெட்டிவிட்டு, மின்சாரத்தை வண்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். 3.7 வோல்ட் லித்தியம் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் ஏற்றிவரும் டெண்டர் என்ற பெட்டிக்குள் அவை போகின்றன. கையில் பிடிக்கும் கருவி அனுப்பும் அலையை எஞ்சினுக்குள் இருக்கும் ரிசீவர் வாங்கி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தனியாக ஒரு ஒலி அட்டை (ஒலி பதிந்த மின்சுற்றுப் பலகை), ஓர் ஒலிபெருக்கி. சக்கர அச்சில் ஒட்டிய சின்னக் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் காந்தச் சுவிட்சைத் தட்ட, அதற்கேற்ப ‘குப், குப்’ என்று நீராவி மூச்சு விடுகிறது.

ரேடியோவின் வேர் லத்தீன் மொழியின் ‘ரேடியஸ்’. அதற்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் ஒளிக்கதிர் என்றும் பொருள். வட்டத்தின் ஆரம் என்று பள்ளியில் படித்தோமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மேசைமேல் இருந்த எஞ்சினின் சக்கரத்திலேயே அந்த ஆரக்கால் இருந்தது. இந்த வேரில் ஒலி எங்கும் இல்லை. ‘கண்ட்ரோல்’ என்பது கணக்கைச் சரிபார்க்க வைத்த எதிர்ச்சுருளைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சரிபார்த்தல் மேற்பார்வையாகி, பிறகு ஒரு பொருளை நம் விருப்பப்படி இயங்கவைப்பதாக விரிந்தது. நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அதற்கு அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பில் நகரும் கலங்களும் வண்டிகளும் உண்டு, ரேடியோ என்ற சொல்லே கிடையாது.

இனி வழக்குக்கு வருகிறேன். வானொலி அருமையான சொல். ஆகாசவாணி வேண்டாம், வானொலியே வேண்டும் என்று வாதாடிய தலைமுறை நமக்குத் தந்தது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது ஒலிபரப்புக்கும் அதைக் கேட்கும் பெட்டிக்கும் ஏற்பட்ட பெயர். வானில் வந்து ஒலியாகக் காதில் விழுவது வானொலி. எங்கள் எஞ்சினுக்கு வரும் அலை நொடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. மனிதக் காது கேட்பது 20,000 வரைதான். அந்த அலை எந்த இடத்திலும் ஒலியாக மாறுவதில்லை. மோட்டாருக்கு வேகம் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. வண்டியில் ஒலி உண்டுதான். அது ஒலி அட்டையில் முன்பே பதிந்து வைத்தது, வானிலிருந்து வந்ததல்ல. ஒலியும் இருக்கிற வண்டிக்கு, ஒலியோடு தொடர்பே இல்லாத பாகத்தின் பெயரில் ‘ஒலி’யைச் சேர்த்தால் அந்தப் பையன் வேறென்ன நினைப்பான்?

ரேடியோ என்ற முன்னொட்டைக் கண்ட இடமெல்லாம் வானொலி என்று எழுதுவது பழக்கத்தின் சோம்பல். ரேடியாலஜிக்கு யாராவது வானொலியியல் என்கிறார்களா? கதிரியல் என்கிறார்கள். ரேடியோஆக்டிவிட்டி என்ற கதிரியக்கத்தை வானொலியியக்கம் என்று யாரும் எழுதியதில்லை. ஆனால் உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியை மட்டும் ‘வானொலித் தொலைநோக்கி’ என்று எழுதுகிறார்கள். விண்மீன் என்ன ஒலிபரப்பா நடத்துகிறது? நம் ஜவ்வாது மலையின் காவலூரில் இருப்பது ஒளியைப் பார்க்கிறது, முத்தோரையில் இருப்பது வானலையைப் பிடிக்கிறது. இதை ஒரு மாணவனுக்கு விளக்க ‘வானலை’ என்ற ஒரே சொல் போதும். ‘வானலைகளில் தவழ்ந்து வரும் நிகழ்ச்சி’ என்று நாம் எப்போதோ கேட்டுப் பழகிய சொல்தான். புதிதாக ஒன்றையும் நான் உருவாக்கவில்லை.

அடுத்தது ‘கட்டுப்பாடு’. என் கோபத்தில் பாதி இதன் மேல்தான். கட்டுப்படு என்பது தன்வினை. கட்டுப்பாடு என்றால் கட்டுக்குள் அடங்கி நிற்பது, அல்லது அடங்கச் சொல்லும் விதி. ஊர்க் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றை வேண்டாம் என்று தடுப்பதே பொருள். வேலூர் வெயிலில் தண்ணீர்க் கட்டுப்பாடு என்றால் எங்களுக்குத் தெரியும். அப்படியானால் வானொலிக் கட்டுப்பாடு என்று எழுதினால் என்ன பொருள் படும்? வானொலிக்கு அரசு விதித்த தடை என்றுதான் படும். நெருக்கடி நிலைக் காலச் செய்தித் தலைப்புக்கு அது பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது. அதனால்தான் ‘வானலை இயக்கம்’ என்று எழுதச் சொல்கிறேன்.

மைத்துனர் காட்பாடியில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்ப்பவர். டெண்டரின் அடித்தகட்டில் ஒலிபெருக்கிக்கு வரிசையாகத் துளை போட்டபடியே மறுத்தார்: “மாமா, இந்தக் கருவி ஓடவும் வைக்கிறது, நிற்கவும் வைக்கிறது. இயக்கம் என்றால் ஓடுவதை மட்டும்தானே சொல்கிறீர்கள்?” நல்ல கேள்வி. பஸ்ஸை ஓட்டுகிறவர்தான் நிறுத்தவும் செய்கிறார். அவரை ஓட்டுநர் என்றுதான் சொல்கிறோம். இயக்குதல் என்பதில் கிளப்புவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அடங்கும். டி.வி.யின் ரிமோட்டைத் தொலையியக்கி என்று எழுதும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ரயில்வேயின் ‘கண்ட்ரோல்’ வேறு. எந்த வண்டி அரக்கோணத்தில் காத்திருக்க வேண்டும், எது முந்தலாம் என்று முடிவு செய்யும் அறைக்குக் கட்டுப்பாட்டு அறை என்ற பெயர் சரியே. அங்கே இருப்பவர் எந்த எஞ்சினையும் ஓட்டுவதில்லை. சொல்லை இடம் பார்த்து வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

‘கம்பியில்லா இயக்கம்’ என்று சிலர் சொல்கிறார்கள். கம்பியில்லாத் தந்தி இருந்த மொழியில் அது தவறாகாது. ஆனால் எஞ்சினின் மூடியைத் திறந்து பார்த்தால் சிவப்பும் கறுப்புமாகக் கம்பிகள்தான் நிறைந்திருக்கின்றன. வானலை இயக்கம் என்றால் எது வேலை செய்கிறது என்பது தெரிகிறது. தொலையியக்கம் என்றால் அது தெரியாது, டி.வி. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிருக்கும் அதே பெயர்தான்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். எஞ்சினோடு வந்த தமிழ்க் குறிப்புத்தாளில் ‘மின்கலம் மற்றும் ஒலியை நிறுவுதல்’ என்று இருக்கிறது. சிலையை நிறுவலாம், நிறுவனத்தை நிறுவலாம். டெண்டருக்குள் கலத்தை வைத்துத் திருகை முடுக்குவதற்குப் பொருத்துதல் என்ற சொல் எல்லா மெக்கானிக் கடையிலும் இருக்கிறது. ஒலியையோ யாராலும் பொருத்த முடியாது, ஒலி அட்டையைத்தான் பொருத்த முடியும். தெருவில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் சொல்லை அகராதியில் தேடித் தவறவிட்டிருக்கிறார்கள். மின்கலம் என்பதும் ஒற்றைக் கலத்துக்குத்தான் சரி. நான்கைச் சேர்த்துக் கட்டினால் அது மின்கல அடுக்கு. கடையில் நான் பேட்டரி என்றுதான் கேட்டு வாங்குகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ரிசீவரையும் ரிசீவராகவே விட்டுவிடுவேன். தெளிவான கடன்சொல்லைவிடக் குழப்பமான தமிழ்ச்சொல் தமிழுக்கு அதிகக் கேடு செய்கிறது.

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில் பள்ளியில் கேட்டு அனுமதி வாங்கி, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘வானலையால் இயக்கும் எஞ்சின். பேட்டரியும் ஒலிபெருக்கியும் டெண்டருக்குள்.’ முந்தைய நாள் பையன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இந்த முறை, அலை சுவரைத் தாண்டி வருமா என்று கேட்டான். கருவியைக் கையில் கொடுத்துப் பக்கத்து வகுப்பறைக்கு அனுப்பினோம். அங்கிருந்தபடியே ஓட்டினான்.