புளியங்கொட்டை எழுத்து

போன வருஷம் ரங்கூனில் எங்கள் தெருக் கோயில் தீமிதிக்கு பேனர் அடித்தோம். ராக்கெட்டில் எழுதியிருக்கிற மாதிரி குண்டாக, மூலையெல்லாம் உருண்ட, ‘எதிர்கால’ ஃபான்ட் என்று சொல்கிற வகை ஒன்றைப் பையன்கள் எங்கிருந்தோ பிடித்து, மேலிருந்து கீழ்வரை அதையே போட்டுவிட்டார்கள். தலைப்பு அபாரம். ஆனால் அடியில் சின்னதாக இருந்த ‘அன்னதானம்’ வாசலிலிருந்து பார்த்தால் நாலைந்து கறுப்பு உருண்டை. (சாப்பிட வந்தவர்கள் சாம்பார் வாசத்தை வைத்து வந்து சேர்ந்தார்கள்.)

காரணம் ‘ன’வுக்குள் இருக்கிற சுழி. கோடு தடிக்கத் தடிக்க சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும்; பெரிய அளவில் அது தப்பித்துவிடும், சின்ன அளவில் மை அடைத்துக்கொள்ளும், ‘ன்’ தலைப் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். போதாததற்கு இந்த வகை ஃபான்டில் எல்லா எழுத்தும் ஒரே சட்டத்துக்குள் உட்காருகிறது, ஆங்கில ‘ஓ’வும் (O) ‘டி’யும் (D) சைபரும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் மாதிரி. அதனால் கடைப்பெயர், விளையாட்டுச் சட்டை, வீடியோ கேம் தலைப்பு என்று இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, இதில் ‘எதிர்காலம்’ எங்கே வந்தது? இத்தாலியில் டூரின் நகரத்து நெபியோலோ எழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவாரேசே 1962-இல் யூரோஸ்டைல் என்கிற இந்த வகை ஃபான்டை வரைந்தார். அதன் ‘ஓ’ அந்தக் காலத்து டிவி திரையேதான். டிவியும் ஜெட் விமானமும் புதுசாக இருந்த நாளில் அந்த வடிவமும் புதுசின் அடையாளமாகிவிட்டது. 1975-இல் வந்த நாசாவின் சிவப்பு ‘புழு’ லோகோவும் இதே உருண்டை வம்சம், அதில் ‘ஏ’க்கு நடுக்கோடே கிடையாது.

சதுரத்தின் மூலையில் கால் வட்டத்தை ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படிச் செய்தால் நேர்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் கண்ணுக்கு ஒரு புடைப்பு தட்டும், வளைவு அங்கே சட்டென்று மாறுவதால். நீள்வட்டச் சமன்பாட்டில் இருக்கும் அடுக்கு 2-ஐ 2.5 ஆக்கினால் பக்கங்கள் தட்டையாகி மூலை மெல்ல மெல்லத் திரும்பும். டென்மார்க்கின் கவிஞரும் வடிவமைப்பாளருமான பீட் ஹைன் 1959-இல் ஸ்டாக்ஹோமின் ஒரு சதுக்கத்துக்குக் கொடுத்த வடிவம் இதுதான். அப்புறம் இன்னொரு கண்கட்டு: உருண்ட எழுத்தைத் தட்டை எழுத்தின் உயரத்திலேயே வரைந்தால் குட்டையாகத் தெரியும், அதனால் மேலேயும் கீழேயும் ஒரு மயிரிழை தாண்டி வரைவார்கள்.

இங்கே பர்மாவில் கம்மவாசா என்று ஒரு சுவடி உண்டு. பிக்குவாகும் சடங்கில் ஓதுகிற பாலி வாசகம், பொன்பூச்சு ஏட்டில் கறுப்பு அரக்கால் தடிதடியாக எழுதியிருக்கும். பழைய கல்வெட்டில் சதுரமாக இருந்த பர்மிய எழுத்து, நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்று பின்னால் உருண்டுபோனதாகச் சொல்வார்கள் (ஓலையில் புள்ளி குத்தாமல் விட்ட நம் ஆட்களுக்கும் இதே பயம்தான்). கம்மவாசா மட்டும் அந்தச் சதுரத்தை மூலை மழுக்கி வைத்துக்கொண்டது. அந்த எழுத்துக்கு இங்கே பெயர் ‘மஜீஸி’, அதாவது புளியங்கொட்டை.

யூரோஸ்டைல் ‘ஓ’ ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, குழம்புக்கு ஊறிய புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் துடைத்து அதன் நடுவில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.