வெக்டர் படம்: வேரும் விளக்கமும்

ஆய்வேடு அச்சடிக்கப் போனால் மதுரை டி.டி.பி. கடைகளில் "படம் வெக்டரா, ஜேபெக்கா?" என்று கேட்பார்கள். பெரிதாக்கினாலும் கோடு உடையக்கூடாது, கோரல்டிரா வரைகலை மென்பொருளில் திறந்து எழுத்தையும் நிறத்தையும் தனித்தனியே மாற்ற முடிய வேண்டும். கடைக்காரருக்கு அதுதான் வெக்டர்: புள்ளிகளாக இல்லாமல் கோடும் வடிவமுமாகச் சேமித்த படம்.

'வெஹெரே' என்றால் இலத்தீனில் சுமந்து செல்லுதல். வெக்டர் என்பது சுமப்பவர். சூரியனிலிருந்து கோளுக்கு இழுக்கும் கோட்டை வானியலார் இந்தப் பெயரால் அழைத்தார்கள். 1840களில் கணிதவியலாளர் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்துக் காட்டிய பழைய கணினித் திரைகள் வழியாக வரைகலைக்கும் வந்துவிட்டது.

நம் பக்கம் இதைத் திசையன் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் காவி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். திருப்பரங்குன்றத்துக்கு எடுக்கிறோமே காவடி, அதிலும் இதே வேர்தான். இலத்தீன் பொருளோடு அச்சாகப் பொருந்தும் அருமையான சொல். ஆனால் இங்கே காவி என்றால் துணியின் நிறம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் எழுத்தில் 'திசையன் வரைகலை', கடையில் 'வெக்டர் படம்' என்பதே என் தேர்வு.

சரி, கணித மென்பொருளிலிருந்து வெப்பநிலைப் படம் போல நிறம் ஏறி இறங்கும் வரைபடத்தை எடுக்கும்போது இந்த வெக்டர் எதைச் சுமக்கிறது? பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பின் பிகலர்மெஷ் கட்டளை ஒவ்வொரு கட்டத்தையும் தனி வடிவமாக எழுதும். 500க்கு 500 கட்டம் என்றால் 2,50,000 வடிவங்கள். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் திறந்தால் கணினி திணறும்; கட்டங்களுக்கு நடுவே வெள்ளை மயிரிழைகளும் தெரியும். 2001இல் தரநிலையாக வந்த எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பு வகையில் நேர்கோட்டு நிறச்சாய்வும் வட்ட நிறச்சாய்வும் மட்டுமே உண்டு. மூலைக்கு மூலை நிறம் மாறும் முக்கோணங்களை பி.டி.எஃப். தாங்கும், எஸ்.வி.ஜி. தாங்காது.

வழி இரண்டு. நிறப்பரப்பை மட்டும் 'ராஸ்டரைஸ்டு', அதாவது புள்ளிப் படம், ஆக்கி 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் வைத்து, அச்சுக்கோடுகளும் எழுத்தும் வெக்டராக இருக்கட்டும் என்று விடலாம். ஆனால் பிற்பாடு நிறத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் ஒரே அளவு வீச்சில் வரும் பகுதிகளை ஒரே நிறத்தில் நிரப்பும் கான்டூர்எஃப் கட்டளைதான் நல்லது. பத்து நிலை கொடுத்தால் சுமார் பத்து வடிவங்கள்தான். ஒன்றைச் சொடுக்கி, அந்த நிலையின் நிறத்தை மட்டும் மாற்றிவிடலாம்.

அப்புறம், தமிழில் பெயரிடுபவர்களுக்கு ஒன்று. மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் 'வெப்பநிலை' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு 'வ'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' (svg.fonttype) அமைப்பை 'நன்' (none) என்று மாற்றுங்கள். எழுத்து வடிவமாக உருமாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். இங்க்ஸ்கேப் அதைச் சரியாகக் கோத்துக் காட்டும், பிழை இருந்தால் அங்கேயே திருத்தவும் முடியும். அந்தத் தமிழ் எழுத்துரு கடைக் கணினியிலும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.